பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதா, புத்தகத்தை மூடிவைத்துக் கேட்பதா?

பிள்ளையின் படிப்புக்குக் கைகொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கூடவே உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லித் தரலாம். தனியாகப் படிக்கவிட்டு, பிறகு புத்தகத்தை மூடச் சொல்லிக் கேள்வி கேட்கலாம். டியூஷனில் சேர்த்துவிடலாம். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். அதனால் இங்கே அதற்கே அதிக இடம்.

டியூஷனை முதலில் முடித்துவிடுகிறேன். கீழ்வகுப்பில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தால் அது உதவும். பின்னம் புரியாமலே இயற்கணிதத்துக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு, பின்னத்தைத் திரும்ப உட்கார்ந்து கற்றுத்தர ஆள் வேண்டும். அந்த ஒரு காரியத்துக்காகச் சேர்த்து, அது சரியானதும் நிறுத்திவிடலாம். எல்லாப் பாடத்துக்கும் தினமும் என்று ஆகிவிட்டால், பிள்ளை தானாகப் படிக்கும் நேரம் இல்லாமலே போகும்.

கூட உட்காருவதைக் குறை சொல்லவே முடியாத ஒரு கட்டம் உண்டு. எழுத்துக் கூட்டி வாசிக்கும் முதல் இரண்டு வகுப்புகளில் அதற்கு மாற்றே கிடையாது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்கும், கவனம் நிற்பதே பெரும்பாடாக இருக்கும் பிள்ளைக்கும் வயது கூடினாலும் பக்கத்துணை தேவைப்படலாம். அங்கே இந்த ஒப்பீடு அப்படியே செல்லாது. இங்கே சொல்வதெல்லாம் தானாக வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த, ஏறக்குறைய மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு.

அந்தக் கட்டம் தாண்டியபின் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யோசிக்கும் வேலையை யார் செய்கிறார்கள்? சமன்பாடு போடும்போது பிள்ளையின் பென்சில் நிற்கிறது. மூன்றாவது விநாடியில், "அந்தப் பக்கம் போனா குறி மாறும்ல?" என்று குரல் வருகிறது. பிள்ளை மைனஸ் போடுகிறது, விடை சரி. ஆனால் பென்சில் நின்ற அந்த இடத்தில் விதியைத் தேடி எடுத்தது பெற்றோர். பரீட்சையில் அதே இடத்தில் பென்சில் மறுபடி நிற்கும், எடுத்துக்கொடுக்க ஆள் இருக்காது. "வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் சொன்னான்" என்ற வருத்தம் பிறப்பது இங்கேதான். வீட்டில் சொன்னது உண்மை. பாதியை எடுத்துக்கொடுத்தது யார் என்பதை மட்டும் யாரும் கணக்கில் வைக்கவில்லை.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்கள். ஒரே பத்தியைச் சில மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: 42க்கு எதிராக 56. அவர்கள் கல்லூரி மாணவர்கள், எனவே அந்த எண்களை அப்படியே பள்ளிப் பிள்ளைமேல் ஏற்றக் கூடாது. ஆனாலும் அன்றிரவு சரளமாக வருவது அடுத்த வாரப் பரீட்சைக்கு உத்தரவாதம் அல்ல என்பது தெளிவு.

கணக்கில் இன்னொரு அபாயமும் உண்டு. கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவும்போது, ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றார்கள் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பதற்றம் உள்ளவர் பின்னத்தை விளக்கப் போவதைவிட நேரத்தையும் இடத்தையும் ஒழுங்குபடுத்தித் தருவது மேல்.

கேட்கும் முறைக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை 25 நிமிடம் தனியாகப் படிக்கட்டும், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடி ஒரு வெள்ளைத்தாளில் நினைவில் உள்ளதையெல்லாம் ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். துண்டு வார்த்தைகளும் கோணல் படங்களும் போதும். அடுத்து புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் அந்தத் தாளிலேயே சேர்க்க வேண்டும். அந்த இரண்டாவது நிறம்தான் மறுநாள் படிக்க வேண்டிய பகுதி. முழுப் பாடத்தையும் மறுபடி புரட்ட வேண்டியதில்லை.

அதன்பின் ஐந்து கேள்விகள் மட்டும். இரண்டு இன்றைய பாடத்திலிருந்து, இரண்டு நேற்றையதிலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து. பாடத் தலைப்பையே கேள்வியாக்கலாம், பாட இறுதி வினாக்களை எடுக்கலாம், படத்தில் பாகங்களின் பெயரைக் கையால் மறைத்துக் கேட்கலாம். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இது சுலபமாகத் தெரியும், செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். வாய் தானாகத் திறக்கும், அடக்க வேண்டும். பத்தாகியும் வராவிட்டால் அது எந்தத் தலைப்பின் கீழ் வந்தது என்று மட்டும் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் விடையைச் சொல்லாதீர்கள், பிள்ளையே புத்தகத்தில் தேடட்டும். அந்தக் கேள்வியை மறுநாள் முதலில் கேளுங்கள்.

கணக்குக்கு இது கொஞ்சம் மாறும். சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்வதில் பயனில்லை. தவறிய கணக்கை இரண்டு நாள் கழித்து, எண்களை மாற்றி, வெற்றுத்தாளில் போடச் சொல்ல வேண்டும். தவறு எந்த வகை என்பதையும் ஒரு சிறு நோட்டில் குறிக்கட்டும்: கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, வழி தெரியவில்லையா, கூட்டல் பெருக்கலில் சறுக்கலா? "கவனக்குறைவு" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் எதுவும் திருந்தாது. வழி தெரியாத கணக்கு ஆசிரியரிடம் போக வேண்டியது. வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் திருத்திச் சரியாக்கி அனுப்பினால், வகுப்பில் எது புரியவில்லை என்பதே ஆசிரியருக்குத் தெரியாமல் போகும். தவறான வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், அது போதும்.

கேட்கும் முறை கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. ஐந்து கேள்வி இருபதானால் அது விசாரணை ஆகிவிடும், பிள்ளை படிப்பதையே ஒளிக்கத் தொடங்கும். படித்து முடித்த நிமிடமே கேட்டால் எல்லாம் வரும், இருவரும் ஏமாறுவீர்கள். பழைய பாடக் கேள்விகளை நடுவில் கலப்பது அதனால்தான். வராத விடைக்கு முகம் சுளித்தால் அடுத்த நாள் "தெரியாது" என்ற பதில்தான் முதலில் வரும். தூக்கத்தை வெட்டி இதைச் செய்வதும் வேண்டாம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை, படித்தது நினைவில் படிவதற்கும் அது வேண்டும்.

இதுவரை கூடவே உட்கார்ந்து பழகியவர்கள் ஒரே நாளில் எழுந்துவிடக் கூடாது. முதல் வாரம் அதே மேசையில் உங்கள் சொந்த வேலையைச் செய்யுங்கள். இரண்டாம் வாரம் அதே அறையின் மறுகோடிக்கு நகருங்கள். மூன்றாம் வாரம் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வாருங்கள். இடையில் வரும் ஒரு வகுப்புத் தேர்வில் மார்க் இறங்கலாம். அதைப் பார்த்துப் பயந்து நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போடுபவர்களே அதிகம். அதற்குப் பதில் விடைத்தாளை எடுத்து, போன மார்க் எந்தக் கேள்விகளில் போனது என்று பிள்ளையோடு பார்த்து, அவற்றை அந்த வாரத்து ஐந்து கேள்விகளில் சேருங்கள். பிள்ளை யாரும் சொல்லாமலே புத்தகத்தை மூடித் தாளை எடுக்கத் தொடங்கிவிட்டால், வாரத்தில் இரண்டு நாள் கேட்டால் போதும்.