சாயநீருக்கு எந்த மணி: அல்ஜினேற்றா, கைற்றோசானா?

மருதமுனைக் கைத்தறிக்காரரின் சாயநீர் போன்றதில் நிறமெடுக்க வெள்ளி நனோத்துணிக்கை (கண்ணுக்குத் தெரியாத நுண் வெள்ளித் துணிக்கை) ஊக்கி உதவும். அதைத் தாங்கும் ஐதரோஜெல் (நீரைப் பிடித்து வைக்கும் கூழ்ப்பொருள்) மணியைத் தெரிவதில்தான் சிக்கல்.

கடற்பாசியிலிருந்து வரும் அல்ஜினேற்று சுலபம். 2% சோடியம் அல்ஜினேற்றை 3% கல்சியம் குளோரைட்டில் துளித்துளியாக விட்டால் மணி தயார். ஆனால் ரியாக்டிவ் (நூலோடு வேதிப் பிணைப்பாகும்) சாயநீரில் உப்பும் சோடாவும் நிறைய. சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடிக்கும், காபனேற்று கல்சியத்தை வீழ்படிவாக்கும். மணி ஊதிக் கூழாகும். வெள்ளியும் கழிவோடு போய்விடும்.

இறால் கோதிலிருந்து எடுக்கும் கைற்றோசான் மினக்கேடுதான். 2 கிராமை 1% அசற்றிக் அமிலம் 100 மில்லிலீற்றரில் இரவு முழுக்கக் கலக்கி, 1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டில் துளிக்க வேண்டும். நடுநிலையாகும்வரை கழுவுங்கள்; காரம் மிஞ்சினால் வெள்ளி நைத்திரேற்றில் கபில ஒட்சைட்டுப் படியும். கழுவிய மணியை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவிடுங்கள். கைற்றோசானின் அமைன் கூட்டங்கள் (நைதரசன் கொண்ட பகுதிகள்) வெள்ளி அயனைப் பற்றியபின், அதை வெள்ளித் துணிக்கையாக்க, குளிர்நீரில் அப்போதே கரைத்த சோடியம் போரோஐதரைட்டில் இடுங்கள். மணி கருமையாகும். ஐதரசன் குமிழால் மிதந்தால் மெதுவாகக் கலக்குங்கள்.

இது காரத்தைத் தாங்கும். ஆனால் குறுக்குப்பிணைப்பு (மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவது) இல்லாவிட்டால் அமில நீரில் கரையும். மூலப்பொருளான இறால் கோதுக்கு மட்டக்களப்பு வாவிக்கரையில் பஞ்சமா? எங்கள் தெரிவு கைற்றோசானே.

வெள்ளி ஊக்கி மட்டுமே; சாயத்தை உடைப்பது போரோஐதரைட்டு. ஆகவே ஒவ்வொரு தொகுதிச் சாயநீருக்கும் போரோஐதரைட்டுப் புதிதாக வேண்டும். நிறம் போனாலும் அசோ சாயம் (நைதரசன் இரட்டைப் பிணைப்புள்ள சாயவகை) உடைந்த அரோமற்றிக் அமைன்கள் மிஞ்சும், அவற்றுட் சில நச்சு; அந்த நீரைக் கிணற்றருகே ஊற்றக் கூடாது.