6 சதுர மி.மீ. நீர்மூழ்கிக் கேபிள்: சில கோடைகளுக்குப் பிறகு

குடியாத்தம் பக்கம் புதிதாகப் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருக்கும் நண்பர் ஒருவர், என் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாருக்கு நான் இறக்கியிருக்கும் 6 சதுர மி.மீ. செம்புத் தட்டைக் கேபிளையே தாமும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்ட வாரத்தில்தான் என் ஸ்டார்ட்டரில் கேபிளைத் திருகிப் பொருத்தும் முனை ஒன்று கருகி, அதைக் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. இந்தப் பதிலில் கோபம் தெரிந்தால், அது கேபிளின் மேல் உள்ள கோபம் அன்று.

அணைக்கட்டுப் பகுதியில் உள்ள எங்கள் நிலத்தில், மோட்டார் கொட்டகையிலிருந்து போர் வரை தரையில் ஓடும் தூரமும் குழாயோடு இறங்கும் ஆழமும் சேர்ந்து ஏறத்தாழ 300 மீட்டர். முன்பு இருந்தது 4 சதுர மி.மீ. கேபிள். மோட்டார் இழுப்பது சுமார் 14 ஆம்பியர். 4 சதுர மி.மீ. செம்பின் மின்தடை கிலோமீட்டருக்கு 4.6 ஓம், 6 சதுர மி.மீ. செம்புக்கு 3.1 ஓம், கணக்கிட்டால் முன்னதில் ஏறக்குறைய 27 வோல்ட்டும் பின்னதில் 18 வோல்ட்டும் வழியிலேயே குறைந்துவிடுகின்றன. 415 வோல்ட் முழுமையாக வரும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓட, வோல்டேஜ் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும்போது, அதே நீரைத் தூக்க மோட்டார் கூடுதலாக மின்னோட்டம் இழுக்கிறது. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுற்று (காயில்) சூடேறுவது அங்கேதான் தொடங்குகிறது. கனமான கேபிள் வந்த பிறகு, பாய்ச்சலின் நடுவே, மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே விழுந்து மோட்டார் நின்றுபோகும் தொல்லை அறவே ஒழிந்தது. கொடுத்த விலைக்கு இது ஒன்றே போதும் என்று பல நாள் மகிழ்ந்திருக்கிறேன்.

கேபிளும் சூடாவதில்லை. வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், பி.வி.சி. உறையின் எல்லையோ 70 டிகிரி. மொத்த நீளத்திலும் வீணாகும் 540 வாட், மீட்டருக்கு 2 வாட் கூட இல்லை என்பதால் காற்றிலும் நீரிலும் ஆறிவிடுகிறது. மிஞ்சிய கேபிளைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் மாட்டிவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சுருளின் நடுவில் உள்ள சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியில்லை.

என் எரிச்சல் முழுவதும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. 6 சதுர மி.மீ. கம்பி ஒவ்வொன்றிலும் 0.3 மி.மீ. தடிமனில் 84 இழைகள் உள்ளன. அவை ஒழுங்காக நுழைய முடியாத அளவுக்குச் சிறிய திருகு முனைகளை வைத்து, 7.5 எச்.பி.க்கு ஏற்றது என்று பெட்டியின் மேல் அச்சிட்டு விற்கிறார்கள். வந்த ஒயர்மேன் என்ன செய்வார்? இழைகளில் ஒரு பகுதியை நறுக்கிவிட்டு மீதியைத் திணித்துத் திருகுகிறார். கனத்த கேபிள் எளிதில் வளையாது. மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பெட்டி அதிர, பிடிப்பு தளர்கிறது. தளர்ந்த முனையில் 0.1 ஓம் தடை ஏற்பட்டாலே 14 ஆம்பியரில் 20 வாட் வெப்பம் பிறக்கிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குகிறது என்பதை நினைத்தால், அந்தச் சிறு திருகு ஏன் கருகியது என்று விளங்கும். 300 மீட்டருக்குச் செலவழித்துக் காத்த குளிர்ச்சியை ஒரு விரற்கடை இடத்தில் இழப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது கம்பி நுனிகளில் செம்பு லக்குகளை (திருகில் மாட்டும் உலோக முனைத்துண்டுகளை) நசுக்கி இறுக்கும் கிரிம்பிங் செய்து, பெரிய முனைகள் உள்ள பெட்டியில் பொருத்தி, கேபிளின் எடை திருகின் மேல் விழாதபடி சுவரில் கிளாம்ப் அடித்திருக்கிறேன். மெயினை இறக்கிவிட்டுத் திருகுகளை அவ்வப்போது இறுக்கிப் பார்க்கிறேன்.

இவ்வளவு பாராட்டிய கேபிளை வாங்கச் சொல்ல இன்று எனக்கு மனம் வரவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, லக் உட்காரும் முனைகள் இருப்பதைக் கண்ணால் பார்க்கும் வரை நண்பர் இதற்குப் பணம் கட்ட வேண்டாம். அவருடையது 5 எச்.பி. மோட்டார், மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டாது. அவருக்கு 4 சதுர மி.மீ. கேபிளிலேயே இழப்பு 7 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மிஞ்சும் பணத்தில் நல்ல ஸ்டார்ட்டரை வாங்கட்டும்.