வலித்தால்தான் பல் நகரும் என்று சொல்லும் இடத்தில் கிளிப் போட்டுக்கொள்ளாதீர்கள்

பல்லுக்குக் கிளிப் போடப் போகிறவர்களும், பிள்ளைகளுக்குப் போட்டுவிட நினைக்கும் பெற்றோரும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். என் மகளின் மேல்வரிசை முன்பற்களில் இரண்டின் வேர் நுனி கரைந்து மொட்டையாகிவிட்டது. கரைந்த வேர் திரும்ப வளராது. வேலை செய்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, அதற்கான புகார் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே என்ன செய்தார்கள், அது ஏன் தவறு என்பதை மட்டும் எழுதுகிறேன். இதே தவறு வேறு இடங்களிலும் நடக்கக்கூடியதுதான்.

அவளுக்கு எத்துப்பல், கூடவே இடம் போதாமல் பற்கள் நெருக்கியடித்து நின்றன. மேலும் கீழுமாக நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, கிடைக்கும் இடத்தில் முன்பற்களை உள்ளே இழுப்பது திட்டம். திட்டத்தில் குறையில்லை என்று பிறகு பார்த்த நிபுணரும் சொன்னார். கோளாறு அவர்கள் கொடுத்த வாக்கில் இருந்தது: "மத்த இடத்துல ரெண்டு வருஷம் இழுப்பாங்க, நாங்க எட்டு மாசத்துல முடிச்சுக் குடுத்துடுவோம்."

இந்த வாக்கைச் சாதாரணக் கணக்கே பொய்யாக்கிவிடும். பிடுங்கிய பல்லின் இடம் சுமார் 7 மி.மீ. நல்லபடியாகப் போனால் பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகரும். இடைவெளியை மூடவே ஏழெட்டு மாதம் போய்விடும். அதற்கு முன்னால் கோணல் பற்களை வரிசைக்குக் கொண்டுவரச் சில மாதம், மூடிய பிறகு வேர்களை நேராக்கி மேல்கீழ்க் கடியைப் பொருத்தச் சில மாதம். பல் பிடுங்கிச் செய்யும் சிகிச்சைக்கு இரண்டு வருடம் ஆவது இதனால்தான். அதை எட்டு மாதத்தில் முடிப்பேன் என்கிறவர் கையில் இருக்கும் ஒரே வழி, இன்னும் பலமாக இழுப்பது. பலமாக இழுத்தால் பல் வேகமாக நகராது என்பதுதான் எங்களிடம் யாரும் சொல்லாத விஷயம்.

பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மெதுவாகத் தள்ளினால் அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து வழிவிடும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பு கட்டப்படும். பல் நகர்வது என்றால் இவ்வளவுதான். தள்ளும் விசை அந்தக் குழாய்களை நெரித்துவிட்டால் அங்கே இரத்தம் நின்றுபோகும், செல்கள் செத்துப்போகும். எலும்பைக் கரைக்க அந்த இடத்தில் ஆளில்லாமல் பல் அப்படியே நிற்கும். பக்கத்து எலும்பின் உள்ளிருந்து செல்கள் கிளம்பி, பின்புறமாகக் குடைந்துகொண்டு வந்து சேர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். செத்த திசுவைச் சுத்தம் செய்யும்போது வேரின் மேலுறையும் சேர்ந்து அரிக்கப்படுகிறது. விசை இந்த நுண்குழாய்களின் இரத்த அழுத்தத்தைத் தாண்டக்கூடாது, சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் போதும் என்று பல் சீரமைப்பு நிபுணர் ஷ்வார்ட்ஸ் 1932-லேயே எழுதிவிட்டார். அந்த எண்ணைப் பின்னால் வந்தவர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். ஆனால் குறைந்த விசையே நல்லது என்ற அடிப்படை மாறவில்லை.

பாடநூல்கள் தரும் அளவுகளைப் பாருங்கள். ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம். வேரோடு சேர்த்து நேராக நகர்த்த 70 முதல் 120 கிராம். பல்லை எலும்புக்குள் அழுத்த வெறும் 10 முதல் 20 கிராம். இதை அளக்கப் பேனா அளவில் ஒரு சின்ன விசைமானி இருக்கிறது. என் மகள் வாயில் ஒரு தடவைகூட யாரும் அதை வைத்து அளந்து நான் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். பற்கள் வரிசைக்கு வருவதற்கு முன்பே, வரிசைப்படுத்துவதற்காகப் போடும் மெல்லிய உருண்டை நிக்கல் டைட்டானியம் கம்பியின் மேலேயே பவர் செயினை மாட்டி இழுக்க ஆரம்பித்தார்கள். பவர் செயின் என்பது வளையம் வளையமாகக் கோத்த ரப்பர் சங்கிலி. மாட்டிய உடனே அதன் இழுவை மிக அதிகம், முதல் நாளிலேயே பெரும்பகுதி தளர்ந்துவிடும். அப்படித் தளர்வதையே காரணமாகச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைத்து இன்னும் இறுக்கிப் போட்டார்கள். நாற்காலியிலேயே அவள் அழுதாள். "அம்மா, பல்லைப் பிடுங்குற மாதிரி இருக்கும்மா" என்றாள். உதவியாளர் சிரித்துக்கொண்டே, "வலிச்சாதான் பாப்பா பல்லு நகருதுன்னு அர்த்தம்" என்றார்.

அது தவறு. சரியான விசையில் மாட்டிய உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து ஒரு கூச்சம், அழுத்தம் ஆரம்பிக்கும், அடுத்த நாள் அதிகமாகும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். கம்பியை மாட்டிய கணத்திலேயே தாங்கமுடியாத வலி என்றால் விசை கூடுதல் என்று பொருள். பல் லேசாக ஆடுவது இயல்புதான், சிகிச்சையின்போது அந்த நார்ச்சவ்வு அகலமாகும். நாக்கால் தள்ளினாலே முன்பல் அசைகிறது என்றால் அது இயல்பு இல்லை. என் மகளுக்கு அந்த நிலை வந்தது. சொன்னோம். "அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கம்பி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பல்லின் தலைப்பகுதியைத்தான் நம்மால் பிடிக்க முடியும், ஆனால் பல் நகர்வதை எதிர்க்கும் மையம் எலும்புக்குள் வேரில் இருக்கிறது. சேற்றில் நட்ட கழியை உச்சியில் பிடித்து இழுத்தால் சாயுமே தவிர நகராது, பல்லும் அப்படித்தான். சாயாமல் நகர வேண்டுமானால் இழுப்பதோடு கூடவே வேரை எதிர்ப்பக்கம் திருப்பும் ஒரு முறுக்கும் வேண்டும். அந்த முறுக்கைக் கொடுப்பது, பல்லின் மேல் ஒட்டும் பிராக்கெட் என்ற சின்னப் பிடிப்பானின் பள்ளத்தில் நிறைந்து உட்காரும் விறைப்பான செவ்வகக் கம்பி. உருண்டைக் கம்பியின் விட்டம் இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்காகும் என்கிறது இயற்பியல். கம்பியில் சின்ன மாற்றம்கூட எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்று இதிலிருந்து தெரியும். 0.022 அங்குலப் பள்ளம் உள்ள பிராக்கெட்டில் இடைவெளியை மூடப் பலரும் பயன்படுத்துவது 0.019க்கு 0.025 அங்குலச் செவ்வக ஸ்டீல் கம்பி. வளைந்து கொடுக்கும் மெல்லிய உருண்டைக் கம்பியில் அந்த முறுக்கு கிடைக்கவே கிடைக்காது.

அதனால் கோரைப்பற்கள் பிடுங்கிய இடத்துக்குள் சரிந்தன. சரிந்த கோரைப்பல்லின் பிராக்கெட், கம்பியின் முன்பக்கத்தைக் கீழே வளைத்தது, வெட்டுப்பற்கள் கீழே இறங்கின. வாயை மூடினால் மேல்பல் கீழ்ப்பல்லை முழுதாக மறைத்தது, பக்கவாட்டில் மேலும் கீழும் ஒட்டவே இல்லை. வெளியே பார்க்க இடைவெளி மளமளவென்று மூடிக்கொண்டு வந்தது. "பாருங்க, எவ்வளவு வேகம்" என்று போட்டோ எடுத்துக் காட்டினார்கள். தலை சரிந்து வந்த வேகம் அது. வேர்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

இதற்கு நடுவே இன்னொன்று. அவளுக்குச் சாதாரணக் கம்மல் போட்டால் காது சீழ்பிடித்துப் புண்ணாகும். ஆரம்பத்தில் கொடுத்த படிவத்தில் ஒவ்வாமை என்ற இடத்தில் இதைத் தெளிவாக எழுதி, வாயாலும் சொன்னேன். பல் மருத்துவம் படித்தவர் காதில் விழுந்தவுடன் நிக்கல் ஒவ்வாமையாக இருக்குமோ என்று நினைக்க வேண்டிய விஷயம் அது. போட்ட நிக்கல் டைட்டானியம் கம்பியில் எடையில் பாதிக்கும் மேல், ஏறக்குறைய 55 சதவீதம், நிக்கல். ஸ்டீல் பிராக்கெட்டிலும் சுமார் 8 சதவீதம் இருக்கும். சில வாரங்களில் வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்தது, உதடு எரிந்தது, ஈறு சிவந்து வீங்கியது. "ஒழுங்கா பல் தேய்க்கிறதில்ல" என்று பிள்ளையைத் திட்டினார்கள். அவள் தேய்ப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். தோல் மருத்துவரிடம் போய் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தோம், நிக்கல் ஒட்டிய இடம் தடித்துக் கொப்புளமானது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ள பலர் இதே கம்பிகளை எந்தத் தொந்தரவும் இல்லாமல் போட்டுக்கொள்கிறார்கள். உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு படலம் நிக்கலை எளிதில் வெளியே விடாது, வாய்க்குள் எதிர்வினை வரத் தோலைவிட அதிக அளவு தேவை. ஆகவே ஒவ்வாமை என்றதும் சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் பயப்பட வேண்டாம். எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் இருந்ததும், அறிகுறி தெரிந்த பிறகும் மாற்றாமல் பிள்ளையைக் குறை சொன்னதும்தான் மன்னிக்க முடியாதவை. மாற்று இல்லாமலும் இல்லை. பர்ஸ்டோன் என்ற பல் சீரமைப்பு நிபுணர் கொண்டுவந்த பீட்டா டைட்டானியம் கம்பியில் டைட்டானியம், மாலிப்டினம், சிர்கோனியம், வெள்ளீயம்தான், நிக்கல் கிடையாது. பிராக்கெட்டிலும் டைட்டானியம் உண்டு, செராமிக் உண்டு.

எந்தக் கம்பி போட்டீர்கள், உறையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "வெளிநாட்டு அயிட்டம், நம்பர் ஒன்" என்றார்களே தவிர உறை வரவில்லை. உறையில்தான் உலோகத்தின் பெயர், அளவு, தயாரித்தவர், தொகுதி எண் எல்லாம் இருக்கும். வட்டத்துக்குள் 2 என்று போட்டுக் குறுக்கே கோடிட்டிருந்தால் அந்தப் பொருளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். ஒருவர் வாயில் கழற்றிய பிராக்கெட்டைச் சூடாக்கி அடுத்தவருக்கு ஒட்டினால் உலோகம் அரிக்கவும் பள்ளத்தின் அளவு மாறவும் வாய்ப்புண்டு. உறையைக் காட்ட மறுக்கிற இடத்தில் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் பல் சீரமைப்பில் மேற்படிப்புப் படித்த நிபுணர். முதல் கேள்வியே, "ஆரம்பத்துல எடுத்த எக்ஸ்ரே எங்கம்மா?" என்பதுதான். எங்களிடம் இல்லை, கேட்டும் தரவில்லை. அவர் புதிதாக எடுத்தபோதுதான் வேர் கரைந்தது தெரிந்தது. கிளிப் போடுகிற பலருக்கு வேர் நுனியில் இம்மியளவு கரைவது உண்டு, பெரிதாகக் கரைவது சிலருக்குத்தான், அதிலும் மேல்வரிசை வெட்டுப்பற்களுக்கே ஆபத்து அதிகம். அதனால்தான் ஆரம்பித்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முன்பற்களுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கரைவது தெரிந்தால் இழுப்பதை இரண்டு மூன்று மாதம் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். எங்களுக்கு அந்த எக்ஸ்ரே எடுக்கப்படவே இல்லை.

அவர் சங்கிலியைக் கழற்றி, எதையும் இழுக்காத கம்பி ஒன்றைப் போட்டுப் பற்களை ஓய விட்டார். பிறகு டைட்டானியம் பிராக்கெட்டுகள், வளையம் மடித்த பீட்டா டைட்டானியம் கம்பி. முன்பல்லை இழுக்கும்போது அதே விசை கடைவாய்ப்பல்லை முன்னால் இழுக்கும் என்பதால் அதைத் தடுக்க எலும்பில் சின்ன டைட்டானியம் ஸ்க்ரூ. ஒவ்வொரு தடவையும் விசைமானியில் அளந்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினார். வாயோரப் புண் ஆறிவிட்டது. கடி மெல்லச் சரியாகி வருகிறது. அந்த இரண்டு பற்களையும் இனி ஆயுள் முழுக்கக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், கிளிப் கழற்றிய பிறகு, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிடெய்னரும் விடாமல் போட வேண்டும்.

இப்போது இப்படிப்பட்ட இடத்தில் நடுவழியில் இருக்கிறவர்களுக்கு: முன்பல் நன்றாக ஆடுகிறது, வலி ஒரு வாரம் தாண்டியும் அடங்கவில்லை, கோரைப்பல் கண்ணுக்குத் தெரிந்தே சரிகிறது, வாயோரம் வெடித்திருக்கிறது என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். பயந்துபோய் வீட்டில் நீங்களே கம்பியை வெட்டவும் வேண்டாம், துண்டு தொண்டைக்குள் போகக்கூடும். சங்கிலியை மட்டும் கழற்றுவது பல் மருத்துவருக்குச் சில நிமிட வேலை. கழற்றச் சொல்லுங்கள், முன்பற்களுக்கு எக்ஸ்ரே கேளுங்கள், பழைய எக்ஸ்ரே, பல் அச்சு, போட்டோ எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிக்கொண்டு இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள். நகல் தர மறுத்தால் எழுத்தில் கேட்டு, கேட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.