சாட்ஸ்வொர்த்தில் வீட்டை ஒட்டி நின்ற சிரிங்கா மரத்தை இறக்கிய குழு: எங்கள் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, சரிவின் மேல் ஒரு பெரிய சிரிங்கா மரம் நின்றது. போன ஜூலையில் ஆள் வைத்து அதை இறக்கினோம். டர்பனில் இப்படி மேட்டிலும் சரிவிலும் கட்டிய வீடுகளில் இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள், அதனால் நடந்ததை முழுதாகவே எழுதிவிடுகிறேன். குழுவின் பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960-களில் என் கணவரின் தாத்தா குடும்பத்தை நிறவெறி அரசு டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து விட்டது. அதற்குச் சில வருடம் கழித்து இந்த மரம் தானாக முளைத்ததாம், யாரும் நடவில்லை. நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இதை வேப்பமரம் என்றே நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: ஊதா நிறப் பூ, உருண்டையான மஞ்சள் காய், குளிர்காலத்தில் இலை முழுக்க உதிர்ந்து காய் மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஊரில் மலைவேம்பு என்று சொல்வோமே, அந்தச் சாதி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான் வேம்பு. அம்மனைக் கும்பிடும்போது குடத்தில் வைக்கும் இலையும் இதுதான், பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் வாசலில் செருகும் இலையும் இதுதான். அத்தைக்கு அது மரமே இல்லை, ஆத்தா.

ஆனால் மரத்துக்கு வயதாகிவிட்டது, அதோடு நாங்களே அதைக் கெடுத்தும் வைத்திருந்தோம். 2019-ல் பக்கியில் (இங்கே சின்ன டிரக்கை அப்படித்தான் சொல்வார்கள்) வந்த சிலர் குறைந்த விலைக்கு உச்சியை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். அப்போது சுத்தமாகத்தான் தெரிந்தது. மொட்டையடித்த இடத்திலிருந்து அடுத்த வருடமே கம்பு கம்பாகப் புதுக் கொப்புகள் கிளம்பின. அவை உள்மரத்திலிருந்து வளர்வதில்லை, பட்டையை ஒட்டி மேலோட்டமாகப் பிடித்துக்கொண்டு நிற்பவை, கனம் ஏற ஏறப் பிய்ந்து விழும். வெட்டிய முனைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே மக்க ஆரம்பித்தது. பெரிய மரத்தை உச்சியில் மொட்டையடித்தால் ஆபத்து குறையும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். போன ஜனவரியில் ஒரு மழைநாளில் தென்மேற்குக் காற்று அடித்தபோது தொடை கனத்துக்கு ஒரு கிளை, துணி காயப்போடும் இடத்தில் வந்து விழுந்தது. அன்று காலை என் மகள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

என் கணவரும் அவர் தங்கை வீட்டுக்காரரும் தாங்களே வெட்டிவிடலாம் என்றார்கள். 14 அங்குல பேட்டரி செயின்சா ஒன்று வாங்கியிருந்தார்கள். அந்த ரம்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன்: தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போடவும் தோள் உயரத்துக்குக் கீழே இருக்கும் கிளையை எடுக்கவும் நல்ல சாமான். ஏணியில் ஏறி நின்று வெட்ட அது கூடாது, எந்த ரம்பமும் கூடாது. பிளேடு முனையின் மேல்பாகம் மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பி அடிக்கும், ஏணியில் நிற்பவன் எங்கே ஒதுங்குவான்? அவர்கள் எடுத்தது ஒரே ஒரு தாழ்ந்த கிளை. கிளையை முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுக்க வேண்டும். இவர்கள் நேராக மேலிருந்தே அறுத்தார்கள். பாதி அறுபட்டதும் கிளை தன் கனத்தில் ஒடிந்து, அடிமரத்தின் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு, ஊஞ்சல் மாதிரி வீசி வந்து கூரை ஓரத்தில் மோதியது. எங்கள் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். அது உடைந்தால் வெறும் ஓட்டைச் செலவோடு முடியாது, அந்தத் தூசியை மூச்சில் இழுக்கவே கூடாது. நல்லவேளை, ஓரத்தில் கீறலோடு போயிற்று. அத்தோடு ரம்பத்தை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன்.

மரத்தை ஒரே வெட்டாகச் சாய்க்க வேண்டுமென்றால் அது விழ அதன் உயரத்துக்கு மேலேயே வெற்றிடம் வேண்டும். எங்கள் மரம் கிட்டத்தட்ட 13 மீட்டர். ஒரு பக்கம் எங்கள் வீடு, ஒட்டுச்சுவராக அடுத்த வீடு, மேலே தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி, கீழே சரிவில் இன்னொரு குடும்பத்தின் கூரை. சாய்க்க இடமே கிடையாது, உச்சியிலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க முடியும். அது பழகினவர்கள் வேலை.

மூன்று பேரிடம் விலை கேட்டோம்: 6,500 ராண்ட், 14,000 ராண்ட், 22,000 ராண்ட். 6,500 சொன்னவர் தெருவிலிருந்தே மரத்தைப் பார்த்தார், கீழே இறங்கிக்கூட வரவில்லை. 22,000 சொன்னவர்கள் கிரேன் வைத்துச் செய்வோம் என்றார்கள், எங்கள் சந்துக்குள் கிரேன் எப்படி வரும் என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. 14,000 சொன்ன குழுவின் தலைவர் முக்கால் மணி நேரம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டித் தட்டி ஓசை கேட்டார். ஒரு பக்கம் கெட்டியாகக் கேட்டது, வீட்டுப் பக்கம் தகரப்பெட்டி மாதிரிக் கேட்டது. மெல்லிய கம்பியை ஒரு பொந்தில் விட்டுப் பார்த்தால் ஒரு சாண் உள்ளே போயிற்று. "இந்த மரத்தில் என் ஆள் ஏறலாம், ஆனால் கயிற்றை இந்தப் பக்கம் கட்ட முடியாது" என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

காகிதங்களையும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். 1993-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி இழப்பீட்டு நிதியத்துக்குக் கட்டணம் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கிடைக்கும், அதில் தேதி பாருங்கள். ஏறுகிற ஆள் உங்கள் வீட்டில் விழுந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு முதலாளி ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா என்பது அந்தக் கடிதத்தில் தெரியும். கூரையோ பக்கத்து வீட்டுச் சுவரோ உடைந்தால் ஈடுகட்டும் காப்பீடு தனி, அதையும் கேட்க வேண்டும். இவர் இரண்டையும் கேட்குமுன்னே எடுத்து நீட்டினார். 6,500-க்காரரிடம் இரண்டும் இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை சிரிங்கா இங்கே அந்நிய ஆக்கிரமிப்பு மரங்களின் பட்டியலில் இருக்கிறது. நகர்ப்புறத்தில் ஏற்கனவே நிற்பதை வைத்துக்கொள்ளலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. வெட்டுவதற்குத் தடையில்லை. ஆனால் உங்கள் வீட்டில் நிற்பது மில்க்வுட் மாதிரி பாதுகாக்கப்பட்ட நாட்டு மரமாக இருந்தால் 1998-ஆம் வருடத்து வனச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. தெரு ஓரத்து மரம் மாநகராட்சியுடையது, அதையும் நாமாக வெட்டக்கூடாது.

வேலை நாளன்று காலை ஏழு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். மின்சாரப் பிரிவில் முன்பே சொல்லி இணைப்பைத் துண்டிக்க வைத்திருந்தோம். அத்தை அதற்கு முன்பே எழுந்து மரத்தடியில் மஞ்சள் துணி கட்டி, விளக்கேற்றி, சூடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் சங்கடத்தோடு தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் தொப்பியைக் கழற்றச் சொன்னார். மரம் ஏறுபவர் ஐம்பது வயது ஜூலுக்காரர், நாங்கள் பாபா என்றுதான் கூப்பிட்டோம். அவர் அத்தையிடம் வந்து, எங்கள் ஊரிலும் பெரியவர்களிடம் சொல்லாமல் பெரிய மரத்தைத் தொடமாட்டோம் அம்மா என்றார். "நல்லா இரு பா, பாத்து ஏறு" என்று அத்தை அவர் நெற்றியில் விபூதி வைத்தார். அவர் அதோடேயே ஏறினார்.

அப்புறம் நடந்தது பார்க்கவே அழகு. அவர் இடுப்பில் இரண்டு கயிறு, ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று எப்போதும் கட்டியே இருக்கும். ஒவ்வொரு கொப்பையும் வெட்டுமுன் அதில் தனிக் கயிறு கட்டினார். அந்தக் கயிறு மரத்தில் ஒரு கப்பி வழியாக இறங்கி, அடிமரத்தில் கட்டிய இரும்பு உருளையில் சுற்றி, தரையில் நிற்பவர் கையில் முடியும். அந்தச் சுற்றுதான் பிரேக். மனுஷன் கனத்துக்கு மேலே இருக்கும் கட்டையை ஒருவர் கிணற்றில் குடம் இறக்குவது போல இறக்கினார். ஒரு துண்டுகூடக் கூரையைத் தொடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அடித்தூர் மட்டும் நின்றது.

அந்தத் தூரை என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் தலைவருக்கும் வாக்குவாதம். நான் வேரோடு அரைத்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் முடியாது என்றார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனை சரிவுகள் இறங்கின, எத்தனை வீடுகள் போயின, நீங்கள் பார்க்கவில்லையா அம்மா, இந்த வேர்தான் உங்கள் மண்ணைப் பிடித்திருக்கிறது என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த வெள்ளத்தில் இங்கே நானூறுக்கு மேல் உயிர் போனது. தூரைத் தரையோடு வெட்டி, வெட்டிய சில நிமிடங்களிலேயே பட்டைக்கு உட்பக்க வளையத்தில் நீலச்சாயம் கலந்த களைக்கொல்லியைத் தடவினார்கள். தாமதித்தால் மருந்து உள்ளே இழுக்காதாம், சிரிங்கா மறுபடி துளிர்த்துவிடும். வேர் மக்குமுன் மண்ணைப் பிடிக்க வேறு ஏதாவது வேண்டுமே என்று கேட்டேன், சரிவில் வரிசையாக வெட்டிவேர் நடச் சொன்னார். வெட்டிவேர் என்று நம் சொல்லையே அவர் வாயால் கேட்டபோது சிலிர்த்துவிட்டது. இரண்டு வரிசை நட்டிருக்கிறேன், இடுப்பு உயரம் வந்துவிட்டது.

கட்டைகளை அவர்கள் உடனே எடுத்துப்போகவில்லை, ஒவ்வொன்றையும் புரட்டிச் சின்னத் துளைகள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2017-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடித்த 2 மில்லிமீட்டர் துளைப்பான் வண்டு இப்போது நாட்டில் பல இடங்களில் மரங்களைக் கொல்கிறது, பெரும்பாலும் விறகோடு ஊர் ஊராகப் போகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் அவகாடோ மரமும் அதற்குப் பிடித்த மரம். எங்கள் கட்டையில் ஒன்றும் இல்லை. கெட்டியாக இருந்த ஒரு துண்டை மட்டும் அத்தைக்காக வைத்துக்கொண்டோம், சாமி அறைக்கு மனை செய்ய.

குறை என்றால் இரண்டு. மரத்தூளைச் சரியாகக் கூட்டாமல் விட்டதில் அடுத்த மழைக்குச் சாக்கடை அடைத்துக்கொண்டது. துணிக் கொடிக் கம்பம் ஒன்று வளைந்தது. சொன்னதும் செவ்வாய்க்கிழமை ஒரு ஆளை அனுப்பிப் புதுக் கம்பத்தை சிமென்ட் போட்டு நட்டுக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. செப்டம்பரில் வேரிலிருந்து நாலைந்து துளிர் வந்தபோதும் கூப்பிட்ட மறுநாள் பாபாவே வந்து மருந்து வைத்துவிட்டு, அத்தையிடம் டீ குடித்துவிட்டுத்தான் போனார்.