எம்ஜிபி காரின் முன்பக்கத்தைத் தாழ்த்த நான்கு வழிகள்: எது காரைக் கெடுக்காது?

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி, தரையை ஒட்டி ஓடுவதற்காகவே விரும்பப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். 1974-இன் பிற்பகுதியில் அந்த அழகு போயிற்று. பம்பர் உயரம் குறித்த அமெரிக்க விதிகளுக்காகக் குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. கூடவே கார் முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் உயர்த்தப்பட்டது. அந்தக் கார்கள் வளைவுகளில் சாய்ந்து திணறின. போதாக்குறைக்கு, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டான ஆன்டி-ரோல் பாரும் இல்லை. 1977 மாடலில்தான் அது திரும்ப வந்தது. அதனால் ரப்பர் பம்பர் காரை வாங்கியவர்களில் பலர் முதலில் கை வைக்க நினைப்பது முன் சஸ்பென்ஷனில்தான்.

கை வைக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பக்கத்தை உயர்த்த, இருபுறச் சஸ்பென்ஷனையும் தாங்கும் கிராஸ்மெம்பரைத்தான் தொழிற்சாலை முக்கியமாக மாற்றியது. உடல் அதன் மேல் முன்பைவிட உயரமாக அமர்ந்தது. சக்கரத்தைக் காரோடு இணைக்கும், மேலும் கீழும் அசையும் விஷ்போன் கைகளின் கோணம் பெரிதாக மாறவில்லை. ஆகவே காரை இறக்கும்போதும் அந்தக் கோணத்தைக் காப்பாற்றும் வழியே நல்ல வழி. நான்கு வழிகளையும் நான் அளப்பது இந்த ஒரே கோலால்தான்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுப்பது காசில்லாத வேலை. அதைச் செய்யவே கூடாது. இந்தக் காரில் ஸ்பிரிங் நிற்பது சக்கரத்தின் அருகில் அல்ல, கீழ்க் கையின் நடுப்பகுதியில். ஸ்பிரிங்கின் உயரத்தில் அரை அங்குலம் குறைத்தால் காரின் உயரத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைந்துவிடும். இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு முழுச் சுற்றை அறுத்தவரின் கார் முட்டி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். அறுத்த முனையும் தட்டில் சமமாக அமராது. தீ மூட்டிச் சூடாக்கி ஸ்பிரிங்கை அமுக்குவது அதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது குட்டையான, சற்றுக் கடினமான ஸ்பிரிங்கை. விலை குறைவு, வீட்டுக் கொட்டகையிலேயே முடிந்துவிடும். சட்டத்தை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கீழ்த் தட்டுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, ஸ்டப் ஆக்சிலின் (சக்கரம் சுழலும் குட்டை அச்சைத் தாங்கும் பாகம்) மேல்முனை போல்ட்டைக் கழற்றியபின் ஜாக்கியை நூல் நூலாக இறக்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பிரிங்குக்குள் அடைபட்டிருக்கும் விசை ஆளையே கொல்லக்கூடியது. எனவே ஸ்பிரிங்கின் ஊடாக ஒரு சங்கிலியைக் கோத்துக் கட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

இந்த வழியின் குறை ஓட்டும்போதுதான் தெரியும். கார் இறங்கியதும் கீழ்க் கையின் வெளிமுனை மேல்நோக்கி ஏறுகிறது. சாய்வின் மையமோ (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), காரின் எடைமையம் இறங்கியதைவிடக் கூடுதலாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடியதால், தாழ்ந்த காரும் வளைவில் சாய முனைகிறது. கடினமான ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் அதை ஈடுகட்டும். ஆனால் சக்கரம் மேலேற இருந்த இடமும் குறைந்துவிட்டது. பள்ளத்தில் விழும்போது ரப்பர் தடுப்பு சீக்கிரமே இடிக்கும். ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் இவையெல்லாம் தாங்கக்கூடியவை.

பழைய குரோம் பம்பர் காரின் கிராஸ்மெம்பரையே எடுத்துப் பொருத்துவது நோயின் மூலத்திலேயே மருந்து போடுவது. நான்கு நீண்ட போல்ட்டுகள்தான் அதை உடலோடு பிணைக்கின்றன. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் ராக் அமரும் கோணம் இரண்டு மாடல்களிலும் வேறு. ராக்கின் பிடிகளையோ ஸ்டியரிங் தண்டையோ மாற்றாமல் இது முடியாது. காரை மொத்தமாகப் பிரித்துச் சீரமைப்பவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

என் தேர்வு நான்காவது: சக்கரத்தின் அச்சை ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்த்திச் செய்த ஸ்டப் ஆக்சில். சக்கரம் மேலே போகிறது, கார் கீழே இறங்குகிறது. கைகளும் ஸ்பிரிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மேல் விஷ்போனாகவும் வேலை செய்யும் ஆர்ம்ஸ்ட்ராங் லெவர் டேம்பருக்கும் (அதிர்வை அடக்கும் பாகம்) கூடுதல் சுமை இல்லை. சக்கரம் மேலும் கீழும் ஆட முன்பிருந்த இடம் குறையாததால், மோசமான சாலையிலும் அதே மென்மை கிடைக்கிறது. செலவு ஸ்பிரிங்கைவிடப் பல மடங்கு என்பது உண்மை. சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் முளையான கிங்பின்னைப் பிரித்தாக வேண்டும். அது சுழலும் புதிய உலோக உறைகளை (புஷ்) ரீமர் என்ற துளை கடையும் கருவியை விட்டுக் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தேய்ந்த கிங்பின்னை எப்படியும் மாற்ற வேண்டிய வயதில்தான் இந்தக் கார்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த வேலையோடு சேர்த்துச் செய்தால் கூடுதலாக ஆவது பாகத்தின் விலை மட்டுமே.

எந்த வழியில் போனாலும் சக்கரங்களின் டோ-இன் அளவை (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கி ஒருங்கும் அளவு) மறுபடியும் சரிபார்க்க வேண்டும். எம்ஜிபிக்கு அது 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர். அதற்கும் முன்னால், கீழ்க் கைகளின் ரப்பர் புஷ் நட்டுகளை முறுக்கும்போது காரின் எடை முழுவதும் சக்கரங்களின் மேல் இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கும் கையில் நட்டை இறுக்கினால், கார் தரையில் இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு காரை மேலே தாங்கிப் பிடிக்கும். ஸ்பிரிங் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் குட்டையான ஸ்பிரிங்கைத் தேடிப் போவார்கள். சில மாதங்களில் ரப்பர் கிழிந்ததும் கார் திடீரென்று அளவுக்கு மீறி இறங்கி நிற்கும்.