61,000தான் ஓடியிருக்குன்னு நம்பி வாங்கின தோஸ்த்

செகண்ட்ஸில் லோடு வண்டி தேடுறவங்க இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் எடுத்து பழநிக் கடைகளுக்குப் போடுறது என் தொழில். வண்டி வாடகை கொடுத்தே கை காலியாகுதுன்னு சொந்தமா ஒரு தோஸ்த், அதான் அசோக் லேலண்டோட சின்ன லோடு வண்டி, பார்க்க ஆரம்பிச்சேன். ரெண்டு வண்டி அமைஞ்சது.

முதல் வண்டி 2018 மாடல், மீட்டரில் 1,84,000 கிலோமீட்டர். பார்சலுக்கு ஓடினது. பாடி முழுக்கச் சொட்டை, சீட்டில் பஞ்சு தெரியுது. 4,10,000 சொன்னார் ஓனர். அடுத்தது கரூர் பக்கம் ஒரு புரோக்கர் ஷெட்டில் நின்ன 2013 மாடல். மீட்டரில் 61,000. புதுப் பெயிண்ட். சீட், டோர், கண்ணாடிக்கு மேலே இருக்கிற சன்வைசர் வரைக்கும் மெரூன் ரெக்சின் உறை. விலை 2,60,000. "ஒரே ஓனர் சார். ரைஸ்மில்காரர். சொந்த மூட்டைக்கு மட்டும்தான் எடுப்பார்."

2018 வண்டிக்காரர் சர்வீஸ் பில்லையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் சேர்த்து வச்சிருந்தார். பையை என்கிட்ட நீட்டினார். நான் பிரிச்சுக்கூடப் பார்க்கல. இவ்வளவு ஓடின வண்டியில் இனி என்ன மிச்சம்னு ஒரு நினைப்பு. 2013 வண்டியையே வாங்கிட்டேன்.

அன்னிக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டிருந்தா போதும். 10 வருஷத்துக்கு 61,000னா ஒரு நாளைக்கு 17 கிலோமீட்டர்கூட இல்ல. நான் காலையில் மார்க்கெட் போய்த் திரும்பினாலே 60 ஆகிடும். லோடு வண்டி அவ்வளவு கம்மியா ஓடியிருந்தா, ஒண்ணு மாசக்கணக்கில் சும்மா நின்னிருக்கணும், இல்லன்னா மீட்டர் பொய் சொல்லணும். சும்மா நின்ன வண்டியும் நல்ல வண்டின்னு அர்த்தமில்ல. ஹோஸ் காய்ஞ்சு வெடிப்பு விடும், பிரேக்கில் வீல் சிலிண்டர் இறுகிடும், டீசல் டேங்குக்குள்ள துரு பிடிக்கும். டயர் பட்டன் (ரோட்டில் படுற மேல்வரி) அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும் பாருங்க, 3418ன்னா 2018ல 34வது வாரம் செஞ்சது. அதையும் நான் பார்க்கல.

முதல் மாசம் ஒழுங்கா ஓடிச்சு. ரெண்டாவது மாசம் ஒரு டன் வெங்காயத்தோட கொடைக்கானல் ஏறினேன். சவரிக்காடு தாண்டுறதுக்குள்ள கொதிச்சு நின்னுடுச்சு. கயிறு கட்டி இறக்கிட்டு வந்தோம். மெக்கானிக் வண்டியை ஐடிலில் விட்டு ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தார். குபுகுபுன்னு புகை. உள்ளங்கையை மேலே பிடிச்சார், கை கருத்துப் போச்சு. "தம்பி, இது அறுபதாயிரம் ஓடின இன்ஜினா? யார் சொன்னா உங்ககிட்ட?" பெடல் ரப்பரைக் காட்டினார். மூணும் புத்தம் புதுசு. சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து டோர் அடியில் வச்சார். ஒட்டாம கீழே விழுந்துச்சு. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்காங்க.

வெயிலில் சன்வைசர் உறை ஒரு ஓரம் பிரிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. எரிச்சலில் பிடிச்சு இழுத்தேன். அடியில் பால்பேனா எழுத்து, எவரோ பழைய டிரைவர் கையெழுத்து:

ஆயில், பில்டர் 1,97,300
ஆயில் 2,08,100
கிளட்ச் 2,31,650

அதுக்கு மேல எழுத இடமில்ல.

அப்புறம்தான் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் ஆர்.சி.யையும் சேசிஸ் நம்பரையும் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பார்த்து, 2019ல கடைசியா வந்தப்ப 1,42,000 ஓடியிருந்துச்சுன்னு சொன்னாங்க. அஞ்சு நிமிஷ வேலை. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி வண்டி ஓனரைக் கூட்டிட்டுப் போய் இதைப் பார்த்திருக்கலாம். ஓனர் வரமாட்டேன்னா அதுவே பதில்.

புரோக்கர்கிட்டப் போனேன். போன மாசம் வரைக்கும் என்னை 'சார்'னு கூப்பிட்டவர், இப்ப சொன்னது, "செகண்ட்ஸ் வண்டிப்பா இது. ஓட்டம் எவ்வளவுன்னு நாங்க எழுதியா கொடுத்தோம்?" உண்மைதான். டெலிவரி நோட்டில் "உள்ளது உள்ளபடி" மட்டும்தான் இருந்துச்சு, அதுக்குக் கீழே என் கையெழுத்து. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர், வியாபாரத்துக்கு வாங்கினதுன்னு எதிர்த்தரப்பு வாதாடும், பிழைப்புக்குச் சொந்தமா ஓட்டுற வண்டின்னு காட்டினா நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்னார். ஆனா அடுத்த கேள்வி, "61,000னு எழுத்தில் எங்க இருக்கு?" மீட்டரைப் போட்டோ எடுத்துக்கூட வைக்கல நான். நீங்க வாங்கினா மீட்டர் ஓட்டத்தை டெலிவரி நோட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்க. எழுத மாட்டேன்னா கிளம்பி வந்துடுங்க.

எப்.சி. (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு ஆர்.டி.ஓ. தர்ற சான்று) இருக்கேன்னு அப்ப ஒரு தைரியம் வேற. 8 வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. எடுக்கணும். அதுக்காகவே பெயிண்ட் அடிச்சுக் கொண்டுபோய் நிறுத்துவாங்க. பிரேக்கும் லைட்டும் வேலை செய்யுதான்னு அங்க பார்ப்பாங்க, நம்ம இன்ஜினைப் பிரிச்சா பார்ப்பாங்க?

இன்ஜின் ரீபோர் (தேய்ஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு சரி பண்றது), ஹெட் வேலை, ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 92,000. அதோட நாலு டயர். மூணு வாரம் வாடகை வண்டி. கூட்டிப் பார்த்தா அந்தச் சொட்டை வண்டி விலைக்குப் பக்கத்தில் வந்துட்டேன், கையில் இருக்கிறது 2013 மாடல்.

போன வாரம் கரூர் போறப்ப அந்த ஷெட்டைப் பார்த்தேன். வாசலில் 2014 மாடல் ஒண்ணு நிக்குது, கண்ணாடியில் சுண்ணாம்பால் 58,000னு பெரிசா எழுதியிருக்கு. உள்ளே எட்டிப் பார்த்தேன். அதே மெரூன் ரெக்சின்.