பெட்டியில் வந்த ஃபர்னிச்சர்: எட்டு வருடம் கழித்து எது நிற்கிறது?

2017இல் கல்யாணம் முடிந்து மடிப்பாக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்தபோது எங்களிடம் இருந்தது ஒரு கோரைப்பாய், இரண்டு தலையணை, ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த பாத்திர மூட்டை, அவ்வளவுதான். தேக்கில் கட்டில் செய்ய ஆசாரியிடம் விலை கேட்டேன், கட்டிலுக்கு மட்டும் 45,000 ரூபாய் சொன்னார். அதோடு இன்னும் ஐயாயிரம் சேர்த்து கட்டில், வார்ட்ரோப், புத்தக அலமாரி, எழுதும் மேஜை, டிவி ஸ்டாண்ட் என்று ஐந்தையும் அட்டைப்பெட்டிகளில் வரவழைத்து, ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நாங்களே பூட்டி முடித்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இதெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" எட்டு வருடம், மூன்று வீடு, ஒரு புயல் வெள்ளம் ஆகிவிட்டது, இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். ஐந்தும் வெவ்வேறு இடங்களில் வாங்கியவை, அதனால் இதைக் கடை பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த வகைப் பொருளைப் பற்றியது.

முதலில் புயல் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நாங்கள் வேளச்சேரி பக்கம் தரைத்தளத்தில் இருந்தோம். வீட்டுக்குள் வந்தது ஒரு சாண் தண்ணீர் கூட இல்லை, நான்கு விரல் உயரம்தான், அதுவும் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. தரையைக் கழுவிவிட்டு வார்ட்ரோபைப் பார்த்தால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நாலாவது நாள் கதவு மூட மாட்டேன் என்றது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். 18 மில்லிமீட்டர் பலகை அடியில் மட்டும் உப்பி, ஸ்கேல் வைத்து அளந்தால் 26 காட்டியது. ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை பிளந்து, உள்ளே இருந்த தூள் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி விரல் பட்டதும் உதிர்ந்தது. ஒரு மாதம் ஃபேன் போட்டுக் காயவைத்தும் பழைய கனத்துக்குத் திரும்பவே இல்லை.

ஏன் திரும்பவில்லை என்பது அந்த வார்ட்ரோபின் பலகையான பார்ட்டிகிள் போர்டை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் புரியும். மரச் சீவலையும் தூளையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் கலந்து, சூடேற்றி, அழுத்திப் பலகையாக்குகிறார்கள். சீவல் ஒவ்வொன்றும் நசுக்கப்பட்ட நிலையில் பசையின் பிடியில் நிற்கிறது. தண்ணீர் உள்ளே போனதும் சீவல் தன் பழைய உருவத்துக்கு விரிகிறது, விரியும்போது பசையின் பிடியும் விட்டுப்போகிறது. பிறகு காய்ந்தாலும் அதை மறுபடி அழுத்திக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. மேலே கீழே ஒட்டியிருக்கும் லேமினேட் தண்ணீரை நன்றாகவே தடுக்கிறது, நாங்கள் ஈரத்துணியால் தினமும் துடைத்து ஒன்றும் ஆகவில்லை. வெட்டிய ஓரம்தான் ஆபத்து. தரையில் உட்காரும் அடி ஓரத்தில் பல பொருட்களுக்குப் பட்டையே ஒட்டுவதில்லை, பார்வைக்குத் தெரியாத இடம் என்பதால்.

அதே நான்கு விரல் தண்ணீரில் அதே அறையில்தான் எங்கள் கட்டிலும் நின்றது. அதுவும் பெட்டியில் வந்ததுதான், ஆனால் ரப்பர் மரச் சட்டம். கால்களில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, கொஞ்சம் பூஞ்சை பிடித்தது, துடைத்து வெயிலில் போட்டோம், முடிந்தது விஷயம்.

வெள்ளம் எல்லோருக்கும் வராது, சரி. எல்லோருக்கும் வருவது வீடு மாற்றுவது. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உண்மையில் எங்கள் வார்ட்ரோபின் ஆயுள் புயலுக்கு முன்பே, 2020இல் முதல் வீடு மாற்றியபோதே பாதி போய்விட்டது. பேக்கர்ஸ் ஆட்கள் வந்து பேட்டரி டிரில்லால் பத்து நிமிடத்தில் கழற்றினார்கள், புது வீட்டில் அதே டிரில்லால் அதே வேகத்தில் பூட்டினார்கள். இரண்டு மாதத்தில் ஒரு கதவு தொங்க ஆரம்பித்தது. கீல் பிடித்திருந்த ஸ்க்ரூவை விரலாலேயே வெளியே இழுக்க முடிந்தது. தெருமுனையில் இருக்கும் ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். ஓட்டையைப் பார்த்ததும் சொன்னார், "சார், இது மரம் இல்ல சார், தூளு. ஸ்க்ரூ ஒரு தடவதான் புடிக்கும். கழட்டி மாட்டினா அந்த மரை எங்க இருக்கும்?"

அவர் செய்த வைத்தியம் எளிமையானது, நானும் பிறகு நாலைந்து இடத்தில் செய்துவிட்டேன். பல் குத்தும் குச்சி ஐந்தாறை ஃபெவிகாலில் முக்கி ஓட்டைக்குள் இறுக்கமாகச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் சமமாக வெட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் அதன் நடுவில் ஸ்க்ரூவைக் கையால் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு அன்றைக்கே ஏற்றினால் மொத்தமும் பிதுங்கி வரும். இப்படிச் சரிசெய்த அந்தக் கீல் மூன்று வருடம் அசையவில்லை. அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். பழைய ஓட்டையில் ஸ்க்ரூ ஏற்றும்போது முதலில் இடதுபக்கமாக மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் 'டக்' என்று லேசாக இறங்கும், அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலதுபக்கம் திருப்பினால் அதே தடத்தில் போகும், புதுத்தடம் வெட்டிப் பலகையைத் தின்னாது. ஆசாரிகளுக்கு இது சாதாரண விஷயமாக இருக்கலாம், எனக்கு இதைக் கற்றுக்கொண்ட அன்று ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இங்கே ஒரு பழைய கதையும் ஞாபகத்துக்கு வருகிறது. 1950களில் ஸ்வீடனில் இகியாவின் வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேஜை காருக்குள் நுழையவில்லை என்று அதன் கால்களைக் கழற்றினார், அதிலிருந்துதான் அந்த நிறுவனத்துக்கு இந்தத் தட்டைப்பெட்டி யோசனை வந்தது என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வீடு வரை போகும் ஒரு பயணத்துக்காகப் பிறந்த யோசனை அது. பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்து வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லும் ஊருக்காக யோசித்தது இல்லை.

அப்படியென்றால் எல்லாமே கழற்றினால் கெட்டுப்போகுமா? இல்லை, அதுதான் நான் இந்த எட்டு வருடத்தில் கண்ட முக்கியமான விஷயம். எங்கள் மேஜையும் கட்டிலும் மூன்று வீட்டிலும் கழற்றிப் பூட்டியவைதான், இன்றைக்கும் ஆட்டமே இல்லை. கட்டிலில் நீளமான போல்ட் மரத்துக்குள் போய், குறுக்கே செருகிய உருளை நட்டில் ஏறுகிறது. மேஜையின் மேற்பலகை பார்ட்டிகிள் போர்டுதான், ஆனால் இரும்புக் காலைப் பிடிக்கும் இடங்களில் பித்தளை நிறத்தில் இன்சர்ட் நட் புதைத்திருக்கிறார்கள். இரண்டிலும் உலோகத்தை உலோகம்தான் பிடிக்கிறது, எத்தனை தடவை கழற்றினாலும் மரை தேயாது. வார்ட்ரோபில் ஸ்க்ரூ பிடித்திருந்தது தூளை. ஆசாரிகள் மினிஃபிக்ஸ் என்று சொல்லும் அந்த வட்டப்பூட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அரைச்சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும், கழற்றுவதும் சுலபம், ஆனால் அதன் கம்பி சில பொருட்களில் நேராகத் தூளுக்குள்ளும் சிலவற்றில் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள்ளும் ஏறும். புஷ் இருப்பதை வாங்குங்கள்.

புத்தக அலமாரி வேறு விதமாகக் கஷ்டப்படுத்தியது. 90 சென்டிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் தட்டு, நடுவில் தாங்கல் கிடையாது. ஒரு தட்டு நிறைய கெட்டி அட்டைத் தொகுதிகளை அடுக்கினேன். இரண்டு வருடத்தில் இரண்டு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் தொய்வு. தட்டைப் புரட்டிப் போட்டேன், எட்டு மாதத்தில் அந்தப் பக்கமும் தொய்ந்தது. இந்தப் பலகை பாரத்துக்கு அன்றைக்கு வளைவதோடு நிற்காது, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும், பாரத்தை எடுத்தாலும் முழுசாக நிமிராது. கணக்கும் நமக்கு எதிராகத்தான் இருக்கிறது. முழுக்க புத்தகம் அடுக்கிய தட்டின் தொய்வு நீளத்தின் நாலாம் அடுக்கில் ஏறும், அதாவது 60 சென்டிமீட்டர் தட்டை விட 90 சென்டிமீட்டர் தட்டு ஐந்து மடங்கு தொய்யும். தட்டின் தடிமனைக் கூட்டினால் தொய்வு அதேபோல வேகமாகக் குறையும், 18க்குப் பதில் 25 மில்லிமீட்டர் என்றால் தொய்வு பாதிக்கும் கீழே. நான் தட்டின் பின்விளிம்பில் அலுமினிய எல் ஆங்கிள் ஒன்றை அடித்தேன், நடுவில் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு நூல் பிடித்துப் பார்க்கும் வேலை இல்லை.

அலமாரியோடு வந்த சின்னப் பொட்டலத்தில் சுவரில் மாட்ட ஒரு பட்டையும் இருந்தது. வாங்கியபோது தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டேன், 2019இல் மகள் பிறந்து ஒரு வருடத்தில் தட்டைப் பிடித்து ஏறப்பார்த்த அன்றைக்குத்தான் தேடி எடுத்து, சுவரில் ரால் பிளக் அடித்து மாட்டினேன். 2016இல் அமெரிக்காவில் இகியா 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது, சுவரில் கட்டாத அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால். வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்றாலும் இந்த ஓட்டையைப் போடுங்கள், தயவுசெய்து.

டிவி ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாரம் குறைவு, தண்ணீர் படாத உயரத்தில் ஏற்றிவைத்ததால் வெள்ளத்திலும் தப்பித்தது, நன்றாக இருக்கிறது.

வாங்கும் இடத்தில் எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்கு. 'எஞ்சினியர்டு வுட்' என்று எழுதிவிடுகிறார்கள். பார்ட்டிகிள் போர்டும் அதுதான், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப்பும் அதுதான், பிளைவுட்டும் அதுதான். மூன்றும் தண்ணீரிலும் ஸ்க்ரூ பிடிப்பிலும் வேறு வேறு ஜாதி. 'ஷீஷம் ஃபினிஷ்' என்றால் ஷீஷம் மரம் இல்லை, மேலே ஒட்டிய காகிதத்தின் நிறம். கடையில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு என்றால் ஐஎஸ் 12823 (அதற்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள பலகையா என்றும் கேட்கலாம், பதில் சொல்லத் தெரிந்த கடையில் மற்ற விஷயங்களும் ஒழுங்காக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கு இது. 15,000 ரூபாய் வார்ட்ரோப் ஆறு வருடத்தில் முடிந்தது, வருடத்துக்கு 2,500 ஆகிறது, அதன் இடத்தில் இப்போது இரும்பு பீரோ நிற்கிறது. 18,500 ரூபாய் கட்டில் எட்டு வருடம் ஆகியும் இன்னும் பத்து வருடம் போகும்போல் இருக்கிறது. 5,500 ரூபாய் மேஜையில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், விளிம்பில் ஒரு இடத்தில் பட்டை கிளம்பியது, ஃபெவிபாண்ட் தடவி ஒட்டிவிட்டேன்.

தம்பிக்கு தை மாதம் கல்யாணம். அவனும் இதேபோல் மொத்தமாக ஆர்டர் போடப்போகிறான். படத்தையும் விலையையும் அனுப்பி "எப்படிண்ணே இருக்கு?" என்றான். படம் வேண்டாம்டா, பூட்டுவதற்கான விளக்கத்தாள் அந்தப் பக்கத்திலேயே இருக்கும், அதன் முதல் பக்கத்தில் என்னென்ன நட்டு, போல்ட், ஸ்க்ரூ எத்தனை என்று படம் போட்டிருப்பார்கள், அதை அனுப்பு என்றேன். கட்டில் தாளில் எட்டு போல்ட், எட்டு உருளை நட்டு. வாங்கச் சொல்லிவிட்டேன். வார்ட்ரோப் தாளில் அறுபத்து நான்கு ஸ்க்ரூ, ஒரு நட்டு கூட இல்லை. அவன் பார்த்திருக்கும் வீடு பள்ளிக்கரணையில் தரைத்தளம். அதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம், வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் பீரோ பார்க்கப் போகிறோம்.